சின்னக் கீறல், ஒலியைப் பாதிக்காது

பூதக்கண்ணாடியிடம் வருபவர்களில் பாதிப் பேர்தான் பழுது பார்க்கக் கிட்டாரைக் கொண்டு வருவார்கள். மீதிப் பேர் செல்போனைக் கொண்டு வருவார்கள். வாங்கலாமா என்று யோசிக்கும் பழைய கிட்டாரின் விளம்பரம் அதில் இருக்கும். அவர் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, விரலில் ஒட்டிய பசையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, போனை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு தடவை படிப்பார். பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். வந்தவர் அதுவரை பரிசோதனைக்கூடத்தின் வாசலில் நிற்பவர்போல நிற்பார்.

கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் கண்ணாடி ஒன்று கறுப்புக் கயிற்றில் அவர் கழுத்தில் தொங்கும். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரை வாடகை ரசீதில் மட்டும் பார்க்கலாம்.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசைமீது திருகாணிகள் நடுங்கும். சுவரில் நெக் என்கிற கழுத்து இல்லாத கிட்டார்களும் கிட்டார் இல்லாத நெக்குகளும் மாட்டியிருக்கும். இருக்கிற ஒரே நாற்காலியில் எப்போதும் ஏதாவது ஒரு கிட்டார் உட்கார்ந்திருப்பதால் மனிதர்கள் நின்றுதான் பேச வேண்டும்.

"அண்ணே, ரெண்டே தடவைதான் வாசிச்சதாம்," என்றார் ஒருநாள் மருந்துக்கடைக்காரர்.

"வாங்கினப்ப ஒரு தடவை. கீழ போட்டப்புறம், உடைஞ்சிருக்கான்னு பாக்க ஒரு தடவை."

"ஒலியைப் பாதிக்காத சின்னக் கீறல்னு போட்டிருக்கு."

"பாதிக்கலன்னா அந்த நினைப்பே ஏன் வருது? உங்க கடையில மாத்திரை வாங்கற ஆள்கிட்ட 'இதுல எலி விழல'ன்னு சொல்வீங்களா?"

மருந்துக்கடைக்காரர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் வேறொரு விளம்பரத்தோடு வந்தார். அந்த மனிதர் மூன்று வருடமாகக் கிட்டார் வாங்கப் போகிறார்.

பூதக்கண்ணாடிக்கு விளம்பர வரிகள் மனப்பாடம். 'கம்பி மட்டும் மாற்றினால் போதும்' என்றால், கம்பி மட்டும்தான் பிரச்சினையாக இருந்தால் விற்கிறவனே மாற்றிப் போட்டு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருப்பான். 'தொழில் தெரிந்தவர்களுக்குப் பொக்கிஷம்' என்றால், தொழில் தெரியாதவன் வாங்கினால் திருப்பிக் கொண்டுவந்து விடுவான். 'நண்பருக்காக விற்கிறேன், கிட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற வரியைப் படித்தால் அவர் எழுந்தே நின்றுவிடுவார். ஒன்றும் தெரியாது என்று அவ்வளவு கச்சிதமாக எழுத எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பார். 'மனசில்லாமல் விற்கிறேன்' என்பதை அவர் ஒரு வரியாகவே மதிப்பதில்லை. அது தொண்டையைக் கனைப்பது மாதிரி என்பார்.

படங்களுக்கு வேறு கணக்கு. நான்கு படமும் முன்பக்கம் என்றால் முதுகில் வெடிப்பு. பூப்போட்ட போர்வையில் கிடத்தி எடுத்திருந்தால் பார்க்கிறவன் பூவைப் பார்க்கட்டும் என்று அர்த்தம். உடம்பில் வண்டு, பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் அடியில் ஓட்டை. நெக்கின் நுனியில், கம்பிகளை முறுக்கும் கீ இருக்கிற பகுதியைத் தலை என்பார்கள். தலை தெரியாத படம் என்றால் அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கிட்டார் விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான்.

இதெல்லாம் அவருக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்திருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டார். அப்போது மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில் ஆணி எடுத்துக் கொடுக்கிற வேலை. பேருந்து நிழற்குடைத் தூணில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிட்டார் வாங்கினார். கம்பி மட்டும் மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தது. புதுக் கம்பி வாங்கிப் போட்டு, ஆறாவது கம்பியை முறுக்கியபோது தலை மெதுவாகக் குனிந்து, பிரிந்து, அவர் மடியில் வந்து விழுந்தது. விற்றவரைத் தேடிப் போனார். வீடு காலியாகியிருந்தது. பட்டறைப் பசையை வைத்து ஒட்டினார். பிரிந்தது. வேறு பசை வாங்கினார். பிரிந்தது. மூன்றாவது தடவை ஒட்டியது நின்றது. ஆனால் நெக் கோணிக்கொண்டது. அதைச் சரிசெய்யப்போய், நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட் எழும்பியது. பதினான்கு மாதம் கழித்து அந்தக் கிட்டார் ஒழுங்காக ஒலித்தபோது, வாசிக்கக் கற்றுக்கொள்ள மறந்துபோனது அவருக்கு ஞாபகம் வந்தது.

"அந்தாளு மட்டும் உண்மையை எழுதியிருந்தா நீங்க இன்னும் ஆணி எடுத்துக் குடுத்துட்டுதான் இருந்திருப்பீங்க," என்பார் அவர் மனைவி.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். கணவரின் ஆராய்ச்சியில் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "கொஞ்சம்தான் வலிக்கும்னு ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்றேன். அதை நம்பித்தான் ஜனம் வாயைத் திறக்குது. உங்களை அங்க உக்கார வச்சா ஒரு பல்லு பிடுங்க முடியாது."

இவர்களுக்கு ஒரே மகள். பதினெட்டு வயது. தகப்பனுக்கு வராத வாசிப்பு அவளுக்கு வந்தது. ஆனால் சொந்தமாக ஒரு கிட்டார் இல்லை. பழுதுக்கு வருகிற கிட்டார்களில் வாசித்தே வளர்ந்தாள். சரிசெய்த கிட்டாரைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று அவர் சின்ன வயதில் பழக்கிவிட்டார். ஒரு கிட்டாரின் சுபாவம் கைக்குப் பிடிபடும் நாளில் அதன் சொந்தக்காரர் படியேறி வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் அவள் வேறொன்றோடு முதலிலிருந்து தொடங்குவாள்.

இசைக் கல்லூரியில் சேர்க்கைத் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நைலான் கம்பி போட்ட, அகலமான நெக் உள்ள கிட்டார் வேண்டும். சொந்தக் கருவியோடு வர வேண்டும். பழுதுக்கு வருவதெல்லாம் இரும்புக் கம்பி. தேர்வு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். அடுத்த தடவை வருவதற்குள் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். புதிது வாங்குகிற நிலையில் வீடு இல்லை. பழையதுதான் பார்க்க வேண்டும். பார்க்கிற பொறுப்பு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏழு மாதமாக அவர் பார்த்தார். மகள் எண்ணி வைத்திருந்தாள்: நூற்று முப்பத்தெட்டு விளம்பரம். ஒன்றுகூட அவர் கண்ணில் தேறவில்லை. ஒன்றில் கிட்டார் நன்றாக இருந்தது, ஆனால் விற்பவர் நான்கு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். ஒன்றில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை, அதனாலேயே விட்டுவிட்டார். ஒன்றுக்கு நேரில் போய், படியில் ஏறும்போது விற்பவர் வீட்டுக் கதவின் கீல் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "கதவையே இப்படி வச்சிருக்கறவன் கிட்டாரை எப்படி வச்சிருப்பான்?"

தேர்வுக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. வருகிறேன், வரவில்லை என்று இரண்டு கட்டம் போட்ட தாளைக் கல்லூரி அனுப்பியிருந்தது. எதிலாவது ஒன்றில் குறியிட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கிட்டார் இல்லன்னா வரலைன்னு போட்டுடுவேன்," என்றாள் மகள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

சனிக்கிழமை சாப்பாட்டின்போது மனைவி போனை எடுத்து ஒரு விளம்பரத்தை வாசித்தார். "'மனசில்லாமல் விற்கிறேன். ஒரே கை பட்டது. வீட்டுக்குள்ளேயே வாசித்தது. அரிய மரம். சின்னக் கீறல், ஒலியைப் பாதிக்காது. கம்பி மட்டும் போட்டால் போதும். விலை பேச வேண்டாம். சும்மா கேட்பவர்கள் தவிர்க்கவும்.'"

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஒண்ணு விடல. இதை ஃப்ரேம் போட்டு மாட்டணும். படத்தைக் காட்டு."

ஒரே படம். நாற்காலியில் சாய்த்து வைத்த கிட்டார். கம்பி ஒன்றுகூட இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தை ஒரு கை பொத்திக்கொண்டிருந்தது.

"பாத்தியா, தலை போச்சு."

"அப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு வரோம்னு சொல்லிட்டேன்," என்றாள் மகள்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தாயும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அந்தத் தண்ணீர் குடிக்கிற விதத்திலேயே தெரிந்தது.

வீடு மூன்றாவது மாடியில். கதவின் கீல் நன்றாக இருந்தது. திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நகரப் பேருந்து ஓட்டுபவர். சீருடைச் சட்டை ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு காய்ந்துகொண்டிருந்தது. கணவர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். உட்காரச் சொன்னார். பெட்டியைக் கொண்டுவந்து, அதன் கொக்கிகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் திறந்தார்.

பூதக்கண்ணாடி நேராகத் தலைக்குப் போனார். கண்ணாடியைக் கண்ணில் வைத்து, நெக்கும் தலையும் சேருகிற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். காதருகே வைத்துத் தட்டினார். விரிசல் இல்லை. ஒட்டிய தடம் இல்லை. மறுபடி பார்த்தார். இல்லை.

பிறகு தோள் தளர்ந்தது. கிட்டாரை மடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"முதுகு பிளைவுட்."

"அரிய மரம்னு கடையில சொன்னாங்க," என்றார் ஓட்டுநர்.

"கடையில சொல்வாங்க. மூணாவது ஃப்ரெட், அஞ்சாவது ஃப்ரெட் தேஞ்சிருக்கு. ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பி வாசிச்சிருக்கீங்க." கம்பிகளைக் கட்டுகிற மரத்துண்டான பிரிட்ஜின் பின்னால் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். கால்வாசி உள்ளே போனது. "பிரிட்ஜ் தூக்குது. இந்தக் கீ சுத்தினா முனகுது. எண்ணெய் பாத்து எத்தனை வருஷமாச்சோ. நெக் இந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்வு."

மோசமான கிட்டாரைப் பார்த்தால் அவர் இப்படிப் பேச மாட்டார். "சரிங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார். பிழைக்காது என்று தெரிந்த ஆளிடம் யாரும் பித்தவெடிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. சின்னக் குறைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார் என்றால், பெரிய குறை இல்லை என்று அர்த்தம். மனத்துக்குள் அதை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், மேசைமேல் வைத்து, வேலையைத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். ஒவ்வொரு குறைக்கும் மகள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு குறைக்கும் ஓட்டுநர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பூதக்கண்ணாடி இரண்டு முகத்தையும் பார்க்கவில்லை. கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, வட்டமா? கப் வச்ச தடம். கிட்டாரை மேசையாக்கிட்டீங்களே."

ஓட்டுநர் எழுந்து வந்து அவர் மடியிலிருந்து கிட்டாரை எடுத்தார்.

"இருங்க, இன்னும் முடியல."

"எனக்கு முடிஞ்சிடுச்சு. நான் விக்கல."

"என்னங்க?"

"பதினோரு வருஷமா என்கிட்ட இருக்கு. ஒருத்தர்கூட இதைப் பத்தி இப்படிப் பேசினதில்ல. பஸ்ல ஏறுறவங்க நாள் பூரா என்னைத் திட்டுறாங்க. பரவாயில்ல, அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இதை ஏன் சார் திட்டணும்?" பெட்டியில் வைத்து மூடினார்.

"அக்கா, அப்பா சொல்றது..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க."

கதவை மெதுவாகச் சாத்தினார். ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலை போலிருந்தது.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மகள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"நல்லாத்தானே போயிட்டிருந்தது," என்றார் அவர்.

"உங்களுக்கு."

"நல்ல கிட்டார்டா. தலையில விரிசல் இல்ல. உன் கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

"இதை அங்க ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்பப்பா சொன்னீங்க? பிளைவுட்னு சொன்னீங்க. முனகுதுன்னு சொன்னீங்க. மேசையாக்கிட்டீங்கன்னு சொன்னீங்க."

"அதான் சொன்னது."

"அது உங்க பாஷை. எனக்குப் புரியும். பதினெட்டு வருஷமா கேக்கறேன். அவங்க இப்பதானே உங்களைப் பாக்கறாங்க." ஜிப்பை மூடினாள். "எனக்கே சில நாள் புரியறதில்ல."

கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவர் மேலேயிருந்து அவள் உச்சி வகிட்டைப் பார்த்தார்.

"என்ன சொல்லணும் இப்ப?"

"பிடிச்சிருக்குன்னு சொல்லணும்."

அவர் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். அருமையான கிட்டார். விளம்பரம் மாதிரி இருந்தது. இந்த மாதிரி எங்கேயும் கிடைக்காது. அதுவும் விளம்பரம். நல்ல நிலையில் உள்ளது. மகா மோசம். பாராட்டுவதற்கு இருந்த சொற்களையெல்லாம் விற்கிறவர்கள் எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முப்பது வருடமாக அந்தச் சொற்களைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, ஒன்றுகூடத் தன்னிடம் மிச்சமில்லை என்பது அவருக்கு அந்தப் படியில்தான் தெரிந்தது.

"பொய் மாதிரி கேட்டாலும் பரவாயில்லப்பா," என்றாள் மகள். "சொல்லுங்க."

அவர் ஏறிப் போய் மணியை அழுத்தினார். ஓட்டுநர் கதவைப் பாதி திறந்தார்.

"என்ன மறந்துட்டீங்க?"

"சொல்ல மறந்துட்டேன். கிட்டார் நல்லா இருக்கு."

"இப்ப வேணும்ங்கறதுக்காகச் சொல்றீங்க."

"வேணும்தான். இவளுக்குத் தேர்வு இருக்கு, நாளைக்குள்ள முடிவு சொல்லணும். அது வேற. நல்லா இல்லன்னா நான் வாயே திறக்க மாட்டேங்க. யோசிச்சுச் சொல்றேன்னு போயிடுவேன். என்கிட்ட வர்றதுல பாதிக் கிட்டாருக்கு ஃப்ரெட் தேயறதே இல்ல. தூசிதான் ஏறும். உங்களுது ரெண்டு இடத்துல தேஞ்சிருக்கு. யாரோ ஆசையா வாசிச்சிருக்காங்க. அதைத்தான் சொன்னேன்."

"கப் தடம்?"

அவர் யோசித்தார். "கப் தடம் கப் தடம்தான்."

ஓட்டுநர் உதட்டை மடித்துக்கொண்டார். சிரிப்பு வந்ததா, கோபமா என்று மகளுக்குத் தெரியவில்லை. கதவு மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் அவர். "படத்துல தலையை ஏன் மறைச்சீங்க? உடைஞ்சிருக்கும்னு நினைச்சுதான் வந்தேன்."

"யாரு மறைச்சா? எங்க வீட்டுக்காரர் படம் எடுக்கும்போது பிடிச்சிட்டிருந்தேன். கையை எடு, கையை எடுன்னார். நான் எடுக்கறதுக்குள்ள எடுத்துட்டார்."

"கம்பியைக் கழட்டிட்டீங்களே?"

"கம்பி இருந்தா வாசிப்பேன். வாசிச்சா விக்க மாட்டேன்." பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். "விடியறதுக்கு முன்னாடி டிப்போவுக்குப் போறேன். வந்தா படுக்கத்தான் தெம்பு இருக்கு. ரெண்டு வருஷமா பெட்டியைத் திறக்கல. அப்படியே வச்சிருக்கறதும் ஒரு மாதிரியா இருக்கு சார். யாரையோ உள்ள வச்சுப் பூட்டின மாதிரி."

"அரிய மரம், சும்மா கேட்பவர்கள் தவிர்க்கவும், அதெல்லாம்?"

"மத்தவங்க போட்டிருந்ததைப் பாத்துப் போட்டேன். எல்லாரும் எழுதறாங்க. நான் மட்டும் எழுதலன்னா திருட்டுக் கிட்டார்னு நினைச்சுடுவாங்களோன்னு. முதல் வரி மட்டும் நானா எழுதினது."

முதல் வரி என்னவென்று பூதக்கண்ணாடிக்கு ஞாபகம் இருந்தது. அவர் ஒரு வரியாகவே மதிக்காத வரி. அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"கம்பி கொண்டு வந்திருக்கேன். போடட்டுமா?"

ஓட்டுநர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நைலான் கம்பி புதிதாகப் போட்டவுடன் சுருதியில் நிற்காது. இழுத்துக் கட்டினால் தளரும். மறுபடி முறுக்கினால் மறுபடி தளரும். தகப்பன் பிரிட்ஜில் முடிச்சுப் போட, மகள் கீயை முறுக்கினாள். ஒன்று சரியானால் இன்னொன்று இறங்கியது. அரை மணி நேரம் அதுவே நடந்தது. ஓட்டுநர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பிக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அந்தக் கீ முனகத்தான் முனகுது," என்றார் ஒரு தடவை, தனக்குத்தானே.

மகள் தேர்வுக்கு வைத்திருந்த உருப்படியை வாசித்தாள். தொடக்கத்தில் கை அந்நியமாகத் தயங்கியது. அகலமான நெக்கில் விரல்கள் இடம் தேடின. பாதிக்கு மேல் தேடுவது நின்றது. பிளைவுட் முதுகுதான், ஆனாலும் கீழ்க் கம்பிகளின் ஒலி தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. ஜன்னலில் சட்டை ஆடியது. ஓட்டுநர் மகளின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை அவருக்குத் தெரியாமல் மடியில் அசைந்துகொண்டிருந்தது.

முடிந்தது.

"நாலாவது விரல் தூங்குது," என்றார் பூதக்கண்ணாடி. "நடுவுல ரெண்டு இடத்துல வேகமா ஓடிட்ட. கடைசித் தட்டைக் கொஞ்சம் ஓங்கிட்ட."

ஓட்டுநர் அவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"அப்படின்னா நல்லா வாசிச்சிருக்கா. அதானே?"

அவர் வாயைத் திறந்தார். இன்னும் ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது.

"ஆமா," என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு, சரியாக இருந்த ஒரு கம்பியை மறுபடி சரிசெய்தாள்.

விலை பேச வேண்டாம் என்று எழுதியிருந்ததால் அவர் பேசவில்லை. ஓட்டுநர் பெட்டியைத் துடைத்து, கிட்டாரை உள்ளே வைத்து, கொக்கிகளைப் போட்டு மகள் பக்கம் நகர்த்தினார். "கிளம்பும்மா சீக்கிரம். உங்கப்பா பெட்டியைப் பாக்க ஆரம்பிச்சிட்டார்."

"கைப்பிடித் தையல்..." என்றார் அவர்.

"பாத்தியா?"

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. மகள் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, பையிலிருந்து கல்லூரித் தாளை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்ற கட்டத்தில் குறி போட்டாள். வண்டி குலுங்கியது. பேனா ஒரு இழுப்பு இழுத்தது.

அவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கோடு கட்டத்துக்கு வெளிய போயிடுச்சு."

"தேங்க்ஸ்ப்பா," என்றாள் மகள்.